பிளவக்கல் நீரும் புன்னைக்காயல் அச்சும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல்லில் இரண்டு அணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று பெரியாற்றை மறிப்பது, மற்றது கோவிலாற்றை. முல்லைப் பெரியாற்றுக்கும் இந்தப் பெரியாற்றுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. இங்கிருந்து இறங்கும் நீர் கண்மாய்களையும் வயல்களையும் நிரப்பிவிட்டு, மிஞ்சினால் அர்ச்சுனா நதியாகிக் கிழக்கே நகரும். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றோடு கலக்கும். வைப்பாறு கரிசல் காட்டைக் கடந்து, விளாத்திகுளத்தைத் தாண்டி, தன் பெயரையே தாங்கிய ஒரு மீனவ ஊரின் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் சேரும். சேரும் என்பது ஏட்டு வழக்கு. பல ஆண்டுகளில் வெறும் மணலாகவே சேர்கிறது.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். நேர்ச்சைக்குப் போவோம், நீராடுவோம், மணலில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்புவோம். ஆனால் இந்த ஊர்களின் பழைய வாழ்க்கையில் கடல் இவ்வளவு தொலைவில் இருந்ததாகத் தோன்றவில்லை. வில்லிபுத்தூர்க் கோதை நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் சங்கை விளித்தே பாடியிருக்கிறாள். கடலில் பிறந்த ஒரு பொருளிடம் பொறாமையோடு உரையாடுகிறாள். அது திருமாலின் கைச்சங்கு என்பது சரிதான். என்றாலும் சங்கைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருத்தியின் பேச்சாகவும் அது எங்கள் காதில் விழுகிறது. வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாக வெளிப்பட்டன. கடற்சங்கு இவ்வளவு உள்நாட்டுக்கு வந்து, வளையலாகி, கைகளில் ஏறியிருக்கிறது. போக்குவரத்து இல்லாமல் இது நடந்திருக்க வழியில்லை.

இந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் ஐவர் ஒரு வேன் பிடித்துப் பிளவக்கல்லிலிருந்து புறப்பட்டதற்குக் காரணம் சங்கு அல்ல, ஒரு புத்தகம். எங்கள் வாசகர் கூட்டமொன்றில் தமிழ் அச்சின் தொடக்கம் பற்றிப் பேச்சு வந்தபோது, வழக்கம்போல எல்லோரும் தரங்கம்பாடியையே சொன்னார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியது, 1712-13இல் அச்சுக்கூடம் அமைந்தது, 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது என எல்லாம் ஒப்பிக்கும் அளவுக்குத் தெரிந்த செய்திகள். அவற்றின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு 127 ஆண்டுகளுக்கு முன்பே, 1586இல், அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு தமிழ் உரைநடை நூல் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. அச்சான இடம் தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள புன்னைக்காயல் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. நம் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு எட்டிவிடக்கூடிய ஊர் அது. கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அங்கே போனதில்லை.

நீர் போகும் வழியிலேயே போவது என்று முடிவு செய்தோம். இருக்கன்குடியில் ஆற்றில் தண்ணீர் இல்லை. மொட்டையடித்த பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைவிட உமறுப்புலவரின் அடக்கத்தலத்தில்தான் அதிக நேரம் நின்றோம். சீறாப்புராணம் பாடிய அவரை ஆதரித்த சீதக்காதி கீழக்கரையின் கப்பல் வணிகர். கரிசல் நடுவே உட்கார்ந்து எழுதிய புலவருக்குக் கடற்கரையிலிருந்து கைகொடுக்க ஒருவர் இருந்தார் என்பது அன்றைய பயணத்துக்குப் பொருத்தமாகவே பட்டது. விளாத்திகுளத்துக்குப் பிறகு நிலம் வெளுக்கத் தொடங்கியது. வேலிக்கருவை, பனை, மறுபடி வேலிக்கருவை. பத்தரை மணிக்கு வைப்பாறு ஊரை அடைந்தபோது வெயில் ஏறி, எதிரே கடல் கண்ணாடித் தகடுபோல் கூசியது.

வைப்பாறு சிறிய ஊர். ஆனால் முத்துக்குளித்துறையின் வரலாற்றில் அதற்கு எண் உண்டு. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று பரதவர்கள் ஏழு ஊர்களைச் சேர்த்துச் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்த ஏழு ஊர்களில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் புன்னைக்காயல் புத்தகத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

முத்து எடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அன்றைய பூசலின் அடிப்படை. கடலில் மூழ்குபவர்கள் பரதவர். குத்தகையும் வணிகமும் பெரும்பாலும் காயல் முஸ்லிம் வணிகர்களிடம். வரி கேட்கும் அரசர்களோ ஒருவருக்கு மேல். 1530களின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பரதவப் பெண் அவமதிக்கப்பட்டாள், அதைத் தட்டிக்கேட்ட கணவனின் காது அறுபட்டது, அங்கே கலகம் மூண்டது என்பர். ஒரு காதுக்காக இவ்வளவு பெரிய சண்டை மூளுமா என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. மூளக் காத்திருந்த சண்டைக்குக் காது ஒரு சாக்காக இருந்திருக்கலாம். ஜோவாவோ த குருஸ் என்ற குதிரை வணிகரின் ஆலோசனைப்படி பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கேயரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது. 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது, கிறித்தவர் என்ற பெயர் மட்டும் இருந்து, அதற்குரிய ஒரு மந்திரமும் தெரியாத ஆயிரக்கணக்கானோரையே கண்டார்.

போர்த்துக்கேயரின் பாதுகாப்பு இலவசமல்ல. முத்துக்குளித்துறையின் வருமானத்தில் ஆண்டுதோறும் நாலாயிரம் பணம் போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சடக்கி இறங்கும் மனிதனின் நுரையீரலிலிருந்து லிஸ்பன் அரண்மனைச் செருப்புக்கு ஒரு வழி போடப்பட்டிருந்தது. அந்தத் தொகையை ஊர் ஊராகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிடுமாறு சவேரியார் அரசியிடம் கேட்டுப் பெற்றார். உள்ளூர்க்காரர்களின் உழைப்பில் விளைந்த பணம் உள்ளூர்க் கல்விக்கே திரும்பியது என்ற அளவில் இது நல்ல செய்தி. அது யாருடைய பணம் என்று எவரும் அன்று கேட்டதாகத் தெரியவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கேயமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து மந்திரங்களை மொழிபெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் தம்மோடு பணியாற்றிய மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச மந்திரத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடச் சொல்கிறார். கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று ஏழு ஊர்ப் பிள்ளைகளும் கொஞ்ச காலம் ஓதியிருக்கிறார்கள். இறையியலாருக்கு இது பிழை. தமிழ் இலக்கிய வாசகர்களாகிய எங்களுக்கோ, அந்த ‘வேணும்’ அப்படியொன்றும் மோசமான சொல்லாகப் படவில்லை.

தூத்துக்குடியில் நிற்கவில்லை. தெற்கே திருச்செந்தூர் சாலையில் இருபுறமும் உப்பளங்கள். பாத்திகளில் வெயில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது. மேற்கே உள்ளொடுங்கிக் கொற்கை இருக்கிறது. பெரிப்ளூசு என்ற கிரேக்கக் கடற்குறிப்பில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற துறையாக வரும் ஊர், இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அது. அந்தக் காயலும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. இந்த வரிசையை முதலில் தெளிவாக எழுதியவர் கால்டுவெல். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் அந்தப் பகுதி இன்றும் படிக்கச் சுவையானது. பழையகாயலுக்கும் அடுத்து, ஆறு கடைசியாகக் கடலைத் தொடும் இடத்தில் இருப்பதே புன்னைக்காயல். போர்த்துக்கேயர் வாயில் அது புனிக்காலே ஆயிற்று.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தபடி கிழக்கே திரும்பினோம். சாலை குறுகி, இருபுறமும் நீர் தேங்கிய தரிசும் அலையாத்திப் புதர்களும் வந்தன. முடிவில் மாதா கோயில், நெருக்கமான வீடுகள், ஆற்றோரம் வரிசையாகக் கட்டிய வள்ளங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை. கடல் நேரே தெரியவில்லை; ஆற்றின் விரிந்த வாய்க்கு அப்பால் ஒரு மணல் திட்டும், அதற்கும் அப்பால் வெள்ளை நுரைக் கோடும் தெரிந்தன. அந்தத் திட்டுதான் படகுக்காரர்களின் அன்றாடக் கவலை. கொற்கையைக் கொன்ற வண்டல் இன்னும் வேலையை நிறுத்தவில்லை.

நிழலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “எங்கயிருந்து வாரீக?” என்று கேட்டார். வத்திராயிருப்புப் பக்கம் என்றோம். “அது மலையடிவாரம்லா? அங்க எல்லாம் எங்க கருவாடு வரும், தெரியுமா?” என்றார். தெரியும் ஐயா, நெத்திலியும் சாளையும் வாரச்சந்தையில் வாங்குகிறோம் என்று சொன்னதும் வலையை ஒதுக்கி எங்களுக்கு இடம் விட்டார். நாங்கள் கொண்டுபோயிருந்த பால்கோவா அவர் பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அச்சுக்கூடம் இருந்ததைப் பற்றிக் கேட்டோம். “அண்டிரிக் சாமியாரா? படிச்சவுக சொல்லிக் கேட்டிருக்கேன்” என்றார். பிறகு அவராகவே வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரைபுரண்டு, சாலை அறுந்து, புன்னைக்காயல் தனித்து நின்றது. அதே நாட்களில் இந்தக் கரையின் மீனவர்கள் தங்கள் படகுகளை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் மாடிகளில் சிக்கியவர்களை இறக்கிக்கொண்டுவந்தார்கள். “ஆத்துக்காரங்களுக்குக் கடல்காரன் போனான்” என்றார் பெரியவர். அந்த ஒரு வாரக் கதையைச் சொல்லும்போது இருந்த உரிமை, நானூறு ஆண்டுக்கு முந்தைய அச்சுக்கூடம் பற்றிச் சொல்லும்போது அவரிடம் இல்லை. அது ‘படிச்சவுக’ விஷயமாகிவிட்டது. எங்களை உறுத்தியது அதுதான். ஏனென்றால் அந்தப் புத்தகங்கள் படித்தவர்களுக்காகத் தோன்றியவை அல்ல.

அண்டிரிக் பாதிரியார் எனப்பட்ட அன்றிக்கே அன்றீக்கசு 1520இல் போர்த்துக்கல்லின் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம். அந்தப் பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. பின்னர் சேசு சபையில் சேர்ந்தார். 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார். தொடக்கத்தில் துபாசியை நம்பியிருந்தவர், சில மாதங்கள் வேறெதிலும் கவனம் செலுத்தாமல் தமிழைக் கற்று, துபாசி இல்லாமலே பேசத் தொடங்கினார். 1549ஐ ஒட்டிய காலத்திலேயே ஓர் இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்துக்குள் தமிழை வைத்துப் பார்க்கும் முயற்சி அது. தொல்காப்பியமோ நன்னூலோ அவர் அறிந்த தமிழுக்கு உதவவில்லை. அவர் பதிவு செய்தது முத்துக்குளித்துறைக்காரர்களின் பேச்சு. 16ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ் மீனவர் எப்படிப் பேசினார் என்பதற்கு நம் புலவர் எவரும் விட்டுச்செல்லாத சாட்சியத்தை இந்த அயலார் விட்டுச்சென்றார். கையெழுத்துப்படி லிஸ்பன் நூலகத்தில் கிடந்தது. 1982இல் வெர்மீர் அதைப் பதிப்பித்தார். ஜீன் ஹெயினும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டிலிருந்து வெளிவந்தது.

அச்சின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1554 பிப்ரவரி 11இல் லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்ற சிறு மந்திரநூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து ரோமன், வரிக்கு வரி போர்த்துக்கேயம். அதை ஆக்கியவர்கள் லிஸ்பனுக்குப் போயிருந்த மூன்று தமிழர்கள்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ். போர்த்துக்கேயப் பெயர்களாலேயே அவர்களை அறிகிறோம். தமிழ் அச்சின் வரலாற்றை ஐரோப்பியப் பாதிரிமாரின் கொடை என்று எழுதிப் பழகியவர்கள் இந்த மூவரையும் ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். முதல் அச்சுத் தமிழ்நூலின் ஆசிரியர்கள் தமிழர்கள் என்பது அடிக்குறிப்புக்குரிய செய்தியா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டுமானால் உலோகத்தில் எழுத்து வார்க்க வேண்டும். அந்த வேலையை 1577இல் கோவாவில் ஜோவாவோ கொன்சால்வஸ் என்ற ஸ்பானியத் தொழில்வல்ல சகோதரர் தொடங்கினார். அந்த அச்சுகள் முழு நிறைவு தராததால் மறு ஆண்டு கொல்லத்தில் பாதிரியார் ஜோவாவோ த பாரியா வேறு வகை வார்த்தார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். கடைசியில் கோவா எழுத்துகளும் கொல்லம் எழுத்துகளும் காட்டப்பட்டிருக்கின்றன. செய்த வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தொழிலாளியின் பெருமிதம் அதில் தெரிகிறது. அதன் பிரதி இப்போது ஹார்வர்டில் இருக்கிறது. 1579 நவம்பரில் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. பிறகு 1586இல் ‘அடியார் வரலாறு’. மாஸ்கோவில் தேதியிட்ட முதல் அச்சுநூல் வந்தது 1564இல். ஜப்பானில் சேசு சபை அச்சகம் வந்தது 1590இல். தமிழ் அச்செழுத்து இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வயதுடையது.

எழுத்துகளைப் பார்த்தவர்கள் முதலில் திகைப்பது புள்ளியின்மை கண்டு. ஏட்டில் எழுதுகிறவன் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டான். காரீயத்தில் வார்த்தவர்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றினார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகளும் இல்லை. அவை ஒழுங்குபடுவதற்கு 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது. ஓலை வாசித்துப் பழகியவர் கண்ணுக்கு உறுத்தாத அச்சு இது.

இவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதே எங்கள் பயணத்தின் காரணம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் மொழியில் அச்சுப் புத்தகம் வேண்டுமென்று கேட்டார்கள். அதற்குப் பொருளும் கொடுத்தார்கள். ‘தம்பிரான் வணக்க’த்தின் முன்னுரையே அவர்களை நோக்கி எழுதப்பட்டது. எழுத்தறிவு சிலருக்கே இருந்த சமூகம், கடலில் ஈட்டியதைக் கொடுத்துத் தமிழ் அச்சுக்கு முதல் புரவலர்களானது. அரசவைகளும் ஆதீனங்களும் ஏட்டுச்சுவடியோடு நிறைவடைந்திருந்த காலத்தில் இது நடந்தது. சிற்றிலக்கியப் புரவலர்களாகிய குறுநிலத் தலைவர்களின் பெயர்களைப் பாட்டும் உரையுமாக மனப்பாடம் செய்துவைத்திருக்கும் நம் இலக்கிய வரலாறுகள், பெயர் தெரியாத இந்தக் கூட்டுப் புரவலர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

‘அடியார் வரலாறு’ என்ற தலைப்பைக் கவனிக்க வேண்டும். புனிதர்களை அடியார் என்கிறது. கடவுளைத் தம்பிரான் என்பதும் இவர்கள் வழக்கே. இரண்டும் சைவம் புழங்கிய சொற்கள். கரையில் மக்கள் வாயில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி ‘சர்வேசுரன்’ முதலிய வடசொற்களுக்குப் போனார். அவர் பேச விரும்பிய கூட்டம் வேறு. அன்றீக்கசின் நடை கரடுமுரடானது. வாக்கியங்கள் முடிவதாகத் தெரியாமல் வால் நீளும். சேசு, பாதிரி போன்ற அயற்சொற்கள் வழி நெடுக வரும். ஒருமை பன்மை இடறும். செய்யுளில் ஊறிய பண்டிதர் யாரும் இதை உரைநடை என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் உரத்து வாசித்துப் பாருங்கள், ஒருவர் உட்கார்ந்து கதை சொல்வது கேட்கும். உரையாசிரியர்களின் உரைநடை மூலச்செய்யுளின் கைப்பிடித்தே நடப்பது. இது பிடிக்கக் கையில்லாமல் தானாக நடந்த நடை. தள்ளாடுகிறது, விழவில்லை. நவீனத் தமிழ் உரைநடையின் முன்னோடி என்று மகுடம் சூட்ட நாங்கள் முன்வரமாட்டோம். அதன் வாரிசுகள் தொடர்ந்து வரவில்லை. எழுத வந்தவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு எழுதவில்லை. ஆனாலும் அச்சில் ஏறிய முதல் பெரும் தமிழ்க் கதைத்தொகுதி அரசரையும் புலவரையும் முன்வைக்காமல் துறைமுக மக்களைக் கேட்போராகக் கொண்டது என்பது சிறிய செய்தியல்ல.

இதெல்லாம் அமைதியான காலத்தில் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1553இல் மலபாரிலிருந்து வந்த கப்பற்படை புன்னைக்காயலைச் சூறையாடிப் போர்த்துக்கேயத் தலைவரைச் சிறைபிடித்தது. 1560இல் மதுரை நாயக்கரின் படை வந்தது. அன்றீக்கசே பணயமாகப் பிடிபட்டார். போர்த்துக்கேயர் தங்கள் தலைமையிடத்தை 1580ஐ ஒட்டித் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார்கள். அறுநூறு பக்கப் புத்தகம் அச்சானபோது ஊரின் செல்வாக்கு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. அன்றீக்கசு 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். தமிழுக்கென ஒரு கல்லூரியை மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தொடங்க வேண்டும் என்ற அவர் விருப்பம் நிறைவேறவில்லை.

ஆற்றங்கரையில் நடந்து பார்த்தோம். பழைய கோட்டையின் சுவரோ அச்சுக்கூடத்தின் அடித்தளமோ தேடி வந்தவர்கள் ஏமாறவே நேரும். மண்ணும் நீரும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் கரை இது. இரண்டு மணி வெயிலில் மணல் காலைச் சுட்டது. ஊருக்குள் ஒரு சிறு உணவகத்தில் சீலா மீன் குழம்பும் சோறும் கிடைத்தன. மலையடிவாரக்காரர்கள் வாழ்நாளில் இப்படியொரு மீன் சாப்பிட்டதில்லை என்று எங்களில் ஒருவர் அறிவித்தார். மற்றவர்கள் மறுக்கவில்லை. புறப்படும்போது பெரியவர் ஒரு பொட்டலம் கருவாட்டை வேனில் வைத்தார், காசு வாங்கவில்லை.

1586க்குப் பிறகு முத்துக்குளித்துறையில் தமிழ் அச்சு ஓய்ந்தது. கேரளத்து அம்பலக்காட்டில் 1670களின் இறுதியில் நொபிலியின் நூல்களும் புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியும் வந்தன, பிறகு தரங்கம்பாடி. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. கத்தோலிக்க நூல்களைக் காப்பாற்ற அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. முத்தும் மெல்ல ஓய்ந்தது. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

புத்தகம் மட்டும் ரோமாபுரியில் தப்பிக் கிடந்தது. 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடியலைந்தபோது, லிஸ்பனில் 1554ஆம் ஆண்டுக் கார்த்தில்யாவையும், வத்திகான் நூலகத்தில் அடியார் வரலாற்றையும் கண்டு எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் தமிழ் கற்கத் தொடங்கியது தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்தில், ஆசிரியப் பணியில் இருந்தபோது. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவரும் அவரே. அந்தக் கழகம் 1967இல் சேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் அவர்களின் பதிப்பாக அடியார் வரலாற்றை மறுபடி அச்சிட்டது. முதல் அச்சுக்கும் இரண்டாம் அச்சுக்கும் இடையே 381 ஆண்டுகள். இரண்டாவது அச்சில் புள்ளிகள் இருக்கின்றன.